ஒரே பிளகின், ஊருக்கொரு பெயர்: துணைக்கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் என்ன சிக்கல்?

நீலகிரி எஸ்டேட் ஆபீஸ்களில் மழைமானி வைத்துத் தினமும் காலையில் அளவு குறிப்பது பழைய வழக்கம். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் மழை இவ்வளவு மாறுகிற மாவட்டத்தில், ஆளாளுக்குக் குறித்து வைத்திருக்கும் கணக்குகளைச் சேர்த்து ஒரே வரைபடத்தில் பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும் என்று யாராவது நினைத்தால் அது நியாயமான ஆசை.

அப்படி ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெயர் ‘நீலமழை’. கட்டுரை முழுக்க இதுதான் உதாரணம். கணக்குகள் பல வடிவங்களில் வரும்: எக்ஸெல் அட்டவணையில் தட்டச்சு செய்தது ஒன்று, அளவுகளைத் தானாகப் பதிவு செய்யும் டேட்டா லாகர் எழுதி வைக்கும் கோப்பு இன்னொன்று, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையோடு இணைத்த மழைமானி அனுப்புவது வேறொன்று. எல்லாவற்றையும் படிக்கத் தெரிந்த ஒரே பெரிய நிரலாக எழுதினால், புதிதாக ஒரு மானி வரும்போதெல்லாம் மொத்தத்தையும் மறுபடி கட்டி (அதாவது எழுதிய நிரலை இயங்கும் கோப்பாக மாற்றி) எல்லோருக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் நடு நிரலைச் சின்னதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வடிவத்தையும் படிக்கிற வேலையைத் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துவிடுவார்கள். நடு நிரல் தொடங்கும்போது ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்து, அங்கே தான் எதிர்பார்க்கும் பெயரில் இருக்கும் கோப்புகளை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். இவைதான் பிளகின்கள்.

மலையில் இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் நன்மை உண்டு. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்துக்குப் பெரிய மென்பொருளை மறுபடி மறுபடி அனுப்ப முடியாது. சின்னக் கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் போட்டுப் பஸ்ஸில் போகிறவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் கோப்பு இப்படிக் கைமாறிப் போகிறது என்றால், அதை அடையாளம் காட்ட அதன் பெயரைத் தவிர வேறு எதுவும் கூடப் போவதில்லை. பிளகின் கோப்பின் பெயரை அற்ப விஷயமாக நினைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இந்தக் கட்டுரையில் கோப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் இவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் தமிழிலேயே வைக்கக் கூடாது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

எஸ்டேட் ஆபீஸில் விண்டோஸ் இருக்கிறது. பள்ளிக்கூட லேபில் லினக்ஸ் இருக்கிறது. பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் நிரல் எழுதித் தருகிற பெண்ணிடம் மேக் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை மானியைப் படிக்கும் பிளகினுக்கு ‘பைமானி’ என்று பெயர் வைத்து, கருவிகள் போக்கில் விட்டுக் கட்டினால் என்ன கிடைக்கும்? லினக்ஸில் ‘லிப்பைமானி.எஸ்ஓ’. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் (நிரலைக் கட்டும் கருவி) ‘பைமானி.டிஎல்எல்’ தரும். அதே விண்டோஸில் மிங்ஜிடபிள்யூ கம்பைலர் ‘லிப்பைமானி.டிஎல்எல்’ தரும். விண்டோஸில் யூனிக்ஸ் வகை நிரல்களைக் கட்ட உதவும் சிக்வின் என்றால் ‘சிக்பைமானி.டிஎல்எல்’. மேக்கில் ‘லிப்பைமானி.டைலிப்’ வரலாம், ‘லிப்பைமானி.எஸ்ஓ’வும் வரலாம். எது வரும் என்பது எந்தக் கருவியால் கட்டினீர்கள், அதில் என்ன சொல்லிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, பெயர் மட்டும் இத்தனை.

இப்போது கோத்தகிரியில் இருப்பவர் மிங்ஜிடபிள்யூவில் கட்டி பந்தலூருக்கு அனுப்புகிறார். அங்கே நிறுவியிருக்கும் நடு நிரல் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டியது, அது ‘பைமானி.டிஎல்எல்’ என்று தேடுகிறது. கோப்பு ஃபோல்டரில் இருந்தும் ஏறாது. போன் வரும்.

“அண்ணா, நீங்க குடுத்த ஃபைலை அந்த ஃபோல்டர்லயே போட்டுட்டேன். லிஸ்ட்ல வரவே மாட்டேங்குது.”

“ஃபைல் பேரு என்னன்னு இருக்கு?”

“பைமானின்னுதான் இருக்கு.”

அவர் சொல்வது சரி. முன்னால் ஒட்டியிருக்கும் ‘லிப்’பும் புள்ளிக்குப் பின்னால் வருவதும் பெயரில் சேர்த்தி இல்லை என்றுதான் பயன்படுத்துகிறவர் நினைப்பார். கணினிக்கோ அது முழுக்க வேறு பெயர். இதற்கு மேல் ஜிமெயில் போன்ற அஞ்சல் சேவைகள் டிஎல்எல் இணைப்புகளைத் தடுத்துவிடும். அதைத் தாண்ட ஒருவர் பின்னொட்டை மாற்றி அனுப்ப, இறக்கியவர் திரும்ப மாற்றும்போது ஒரு எழுத்து தவறினாலும் முடிந்தது. விண்டோஸ் தரும் பிழைச் செய்தியும் உதவாது. ‘குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை’ என்கிற 126ஆம் எண் பிழை, பிளகின் கோப்பு இல்லாதபோதும் வரும். பிளகின் சரியாக இருந்து, அது சார்ந்திருக்கும் வேறொரு டிஎல்எல் இல்லாதபோதும் அதே பிழைதான் வரும். பெயரில் பிழையா, சார்ந்திருக்கும் டிஎல்எல் இல்லையா என்று தெரியாமல் ஆட்கள் நன்றாக இருந்த பெயரையும் மாற்றத் தொடங்கிவிடுவார்கள்.

இத்தனை பெயர்கள் வந்ததற்கு யாரும் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டது காரணமில்லை. ஒவ்வொரு பழக்கத்துக்கும் அதனதன் இடத்தில் அர்த்தம் இருந்தது.

‘லிப்’ யூனிக்ஸ் காலத்து வழக்கம். நிரலையும் அது பயன்படுத்தும் லைப்ரரிகளையும் (பல நிரல்களுக்குப் பொதுவான கோப்புகள்) ஒன்றாக இணைக்கும் லிங்கர் என்ற கருவிக்கு ‘-எல்’ என்று போட்டு ஒட்டியபடி ஒரு பெயரைக் கொடுத்தால், அது முன்னால் ‘லிப்’பும் பின்னால் ‘.ஏ’வும் சேர்த்துக்கொண்டு கோப்பைத் தேடும். கணித லைப்ரரி வேண்டுமென்றால் ‘-எல்எம்’ என்று எழுதினால் போதும், ‘லிப்எம்.ஏ’ கிடைத்துவிடும். 1980களின் பிற்பகுதியில் சன் ஓஎஸ் போன்ற யூனிக்ஸ் இயக்குதளங்களில் பகிரும் லைப்ரரிகள் வந்தபோது ‘.எஸ்ஓ’ சேர்ந்தது, ‘லிப்’ அப்படியே நின்றது. லினக்ஸ் அந்த வழியில் வந்தது. விண்டோஸில் 1985இன் முதல் பதிப்பிலிருந்தே டிஎல்எல் உண்டு. அந்தக் கால டாஸ் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து, அவ்வளவுதான் இடம். இருக்கிற எட்டில் மூன்றை முன்னொட்டுக்குக் கொடுக்க முடியாது. பின்னொட்டிலும் அங்கே கண்டிப்பு இல்லை. கண்ட்ரோல் பேனலின் ‘.சிபிஎல்’, ஆக்டிவ்எக்ஸின் ‘.ஓசிஎக்ஸ்’ எல்லாம் உள்ளுக்குள் டிஎல்எல் கோப்புகளே.

மேக் கதை கொஞ்சம் வேறு. நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற பழைய இயக்குதளம் வழியாக வந்த மாக்-ஓ என்ற கோப்பு வடிவத்தில் இரண்டு இனங்கள் உண்டு. கட்டும்போதே நிரலோடு இணைப்பது டைலிப். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டு ஏற்றிக்கொள்வது பண்டில். லினக்ஸிலும் விண்டோஸிலும் இந்தப் பிரிவினை இல்லை, ஒரே வகைக் கோப்பு இரண்டுக்கும் உதவும். மேக்கில் மட்டும் ‘இது லைப்ரரியா, பிளகினா’ என்ற கேள்விக்குக் கோப்பின் தலைப்பகுதியிலேயே பதில் எழுதியிருக்கும். பெரும்பாலோர் இதை மேக்கின் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற இரண்டு இடங்களிலும் கலந்து கிடக்கிற இரண்டு விஷயங்களை மேக் பிரித்துக் காட்டுகிறது. பெயர்ச் சிக்கலுக்கு விடையும் அந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

‘லிப்’ என்ற முன்னொட்டு லிங்கருக்காக வைத்தது. ‘-எல்’ என்று எழுதினால் என்னைத் தேடி எடுத்துக்கொள் என்று அதற்குச் சொல்வதற்குத்தான் அது. பிளகின் ஒருபோதும் லிங்கரின் தேடலுக்குள் வருவதில்லை. அதை யாரும் ‘-எல்’ போட்டு இணைப்பதில்லை. நடு நிரல் ஓடும்போது லினக்ஸிலும் மேக்கிலும் டிஎல்ஓப்பன் என்ற கட்டளை வழியாகவும், விண்டோஸில் லோட்லைப்ரரி என்ற கட்டளை வழியாகவும், முழுப் பாதையைக் கொடுத்து ஏற்றுகிறது. அப்படியானால் அந்த முன்னொட்டுக்குப் பிளகினில் வேலையே கிடையாது. கட்டும் கருவி அதுவாக ஒட்டியது, யாரும் எடுக்கவில்லை, அதனால் நிற்கிறது.

பதிப்பு எண்ணுக்கும் இதே நியாயம்தான். லினக்ஸில் சாதாரண லைப்ரரிக்கு ‘லிப்மழை.எஸ்ஓ.1’ என்று கடைசியில் எண் வரும், மேக்கில் ‘லிப்மழை.1.டைலிப்’ என்று நடுவில் வரும். பழைய பதிப்பை நம்பிக் கட்டிய நிரலும் புதியதை நம்பிக் கட்டிய நிரலும் ஒரே கணினியில் ஓட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பிளகினை நம்பி வேறு நிரல் எதுவும் கட்டப்படுவதில்லை, ஆகவே எண் தேவையில்லை. லிப்டூல் என்ற பழைய கருவியில் பிளகினுக்கென்றே ‘மாட்யூல்’, ‘எண் வேண்டாம்’ என்ற இரண்டு தேர்வுகள் உண்டு. இது புரிந்தவர்கள் அன்றே இருந்தார்கள்.

இன்றைய கருவிகளும் பிரிவினையை அறியும், நாம்தான் சொல்வதில்லை. சிமேக் என்ற கட்டும் கருவியில் ‘ஷேர்ட்’ என்று எழுதினால் லைப்ரரி, ‘மாட்யூல்’ என்று எழுதினால் பிளகின். லினக்ஸில் இரண்டுக்கும் ஒரே பெயர் வருவதால் அங்கே மட்டும் வேலை பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. மேக்கில் முதலாவது ‘.டைலிப்’ ஆகும், இரண்டாவது ‘.எஸ்ஓ’ ஆகும். ஒரே திட்டத்தில் இரண்டு பேர் எழுதிய இரண்டு பிளகின்கள் இப்படி வெவ்வேறு பின்னொட்டில் வந்து நிற்பது சாதாரணமாக நடக்கிறது. இதைப் பொதுவாகத் தீர்க்கப் பார்த்து முடியாமல் போனதற்கு ஜிலிப் என்ற அடிப்படை லைப்ரரி ஒரு நல்ல சாட்சி. எந்தக் கணினியில் எந்தப் பின்னொட்டு என்று சொல்வதற்கு அதில் ஒரு மேக்ரோ (நிரலில் பெயர் சொல்லிப் பயன்படுத்தும் மாறாத மதிப்பு) நெடுநாளாக இருந்தது. யூனிக்ஸ் வகைக்கு எஸ்ஓ, விண்டோஸுக்கு டிஎல்எல். மேக்கில் ஆட்டோடூல்ஸ் என்ற பழைய கட்டும் கருவிகள் கொண்டு கட்டினால் ஒன்று, மற்றபடி வேறு என்று ஆகிவிட்டதால், 2.76ஆம் பதிப்பில் அதைக் கைவிட்டு, அடிப்பெயரை மட்டும் கொடுங்கள், மற்றதை ஏற்றும் இடத்திலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று மாற்றினார்கள். கணினியின் பெயரை வைத்துக் கோப்பின் பெயரைக் கணித்துவிட முடியாது என்பதை ஒரு அடிப்படை லைப்ரரியே ஏற்றுக்கொண்டது, பெயரை நாமே முடிவு செய்து எழுதிவிட வேண்டும் என்பதற்கு வலுவான வாதம்.

மலையில் வரைபட வேலை செய்பவர்களுக்குப் பழக்கமான கியூஜிஐஎஸ் மென்பொருளைப் பாருங்கள். சோலைக்காடு எங்கே சுருங்கியது, மண்சரிவு எந்தச் சரிவில் வரும் என்பதையெல்லாம் வரைந்து பார்க்க உதவும் இலவச மென்பொருள். டெபியன், உபுண்டு கணினியில் அதன் பிளகின் ஃபோல்டரைத் திறந்தால் ‘லிப்ப்ரொவைடர்_டபிள்யூஎம்எஸ்.எஸ்ஓ’ போன்ற பெயர்கள் இருக்கும். விண்டோஸில் அந்த ‘லிப்’ இருக்காது. கியூஜிஐஎஸ் தன் ஃபோல்டரில் கிடப்பதைத் தானே வருடிப் பார்த்துக்கொள்வதால் பிழை வராது. ஆனால் விண்டோஸ் பயனருக்கும் லினக்ஸ் பயனருக்கும் சேர்த்து ஒரே உதவிக்குறிப்பு எழுத நினைப்பவர் ஒவ்வொரு முறையும் இரண்டு பெயர் எழுத வேண்டும். கியூஜிஐஎஸ் அடியில் பயன்படுத்தும் ஜிடால் என்ற லைப்ரரி வேறு வழியில் போனது. அதன் பிளகின்கள் எங்கும் ‘ஜிடால்_’ அல்லது ‘ஓஜிஆர்_’ என்றுதான் தொடங்க வேண்டும், பின்னொட்டு மட்டும் எஸ்ஓ, டிஎல்எல், டைலிப் என்று மாறும். அந்தத் தொடக்கம் இல்லாத கோப்பை ஜிடால் தொடவே தொடாது. தற்செயலாக அந்த ஃபோல்டரில் விழுந்த வேறு லைப்ரரியை ஏற்றிவிடும் ஆபத்தும் இதனால் போகிறது.

வீடியோ பார்க்க உதவும் விஎல்சி எல்லா இடத்திலும் ‘லிப்’பை வைத்துக்கொண்டது. விண்டோஸிலும் அதன் பிளகின்கள் ‘லிப்’ என்று தொடங்கி ‘_பிளகின்.டிஎல்எல்’ என்று முடியும். முன்னொட்டு தேவையில்லை என்று நான் சொன்னாலும் இதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டார்கள், அதுதான் முக்கியம். மலை ரயிலுக்குக் குன்னூரில் இன்ஜின் மாறும், பெட்டிகள் அதேதான். பின்னொட்டு மட்டும் மாறும் பெயரும் அப்படித்தான், பயணிக்குத் தெரிய வேண்டியது எதுவும் மாறுவதில்லை.

பின்னொட்டைக்கூட மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் எல்லாக் கணினியிலும் ‘.நோட்’. இசை மென்பொருள்களுக்கான க்ளாப் வடிவத்தில் எங்கும் ‘.க்ளாப்’. அப்பாச்சி வெப் சர்வரின் 1.3 வரிசையில் விண்டோஸ் மாட்யூல்களை ‘அப்பாச்சிமாட்யூல்’ என்று தொடங்கும் டிஎல்எல் பெயர்களிலிருந்து ‘மாட்_’ என்று தொடங்கி ‘.எஸ்ஓ’ என்று முடிவதாக மாற்றினார்கள். விண்டோஸில் ‘.எஸ்ஓ’ என்று ஒரு கோப்பா என்று பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அமைப்புக் கோப்பில் எழுதும் வரி லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் ஒன்றாகிவிட்டது. அப்பாச்சியில் மாட்யூல் பெயரை நிர்வாகி கையால் எழுத வேண்டும் என்பதால் அது நல்ல முடிவு.

கோப்பின் பெயர் இன்னொன்றோடும் பிணைந்திருக்கிறது: உள்ளே இருக்கும் தொடக்கச் செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயர். பைத்தான் மொழிக்காக சி மொழியில் எழுதிய ‘பைமானி’ மாட்யூலுக்குள் ‘பைஇனிட்_பைமானி’ என்று ஒரு செயற்கூறு இருக்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினால் பைத்தான் புதிய பெயரில் அதைத் தேடி, இல்லை என்று சொல்லி நிறுத்திவிடும். லுவா மொழியிலும் அப்படித்தான். ‘லிப்’ ஒட்டிய பெயரில் கூப்பிட்டால் ‘லிப்’ ஒட்டிய செயற்கூற்றைத் தேடும். ஒலி, வீடியோவைக் கையாளும் ஜிஸ்ட்ரீமர் கொஞ்சம் இரக்கம் காட்டும். ‘லிப்ஜிஎஸ்டி’ அல்லது ‘ஜிஎஸ்டி’ என்ற தொடக்கத்தை உரித்துவிட்டு மிச்சத்தை வைத்துச் செயற்கூற்றைத் தேடும். இந்தப் பிணைப்பு நல்லதென்றுதான் நினைக்கிறேன். யாரோ பெயர் மாற்றிய கோப்பு பாதி வேலை செய்து குழப்புவதைவிட, முதலிலேயே நிற்பது மேல். இதிலிருந்து ஒரு சின்ன விதி தானாக வருகிறது. சி மொழியில் செயற்கூற்றின் பெயரில் நடுக்கோடு வர முடியாது, அடிக்கோடு வரலாம். ஆகவே கோப்புப் பெயரிலும் அடிக்கோடுதான்.

சரி, தமிழில் ஏன் வைக்கக் கூடாது? கோத்தகிரி நிலையத்தின் பிளகினுக்கு ‘கோத்தகிரி’ என்றே கோப்புப் பெயர் வைக்கலாம் என்று ஆசை வருவது இயல்பு. எனக்கும் அந்த ஆசை உண்டு. இங்கே ஒருங்குறியின் (யூனிகோட்) ஒரு நுணுக்கம் குறுக்கே நிற்கிறது. ‘கோ’ என்பதை இரண்டு விதமாகக் கணினியில் எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம். ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முதலாவதுக்கு 6 பைட், இரண்டாவதுக்கு 9 பைட். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. லினக்ஸ் கோப்புப் பெயரைப் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கே ஜிப் செய்து அனுப்பிய ‘கோத்தகிரி’யை லினக்ஸில் விரித்துவிட்டு, விசைப்பலகையில் தட்டிய ‘கோத்தகிரி’யைத் தேடினால் கிடைக்காமல் போகும். ஓகாரம், ஒகரம், ஔகாரம் வரும் இடத்தில்தான் இந்தப் பிரச்சினை. குன்னூர், கூடலூர், ஊட்டி மூன்றும் தப்பிக்கும். கோத்தகிரியும் தொட்டபெட்டாவும் மாட்டிக்கொள்ளும், பழனி மலைப் பக்கம் போனால் கொடைக்கானலும். எந்த ஊர் தப்பும், எது மாட்டும் என்று ஒரு மென்பொருளை எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் யோசிக்க முடியாது. கோப்புக்கு ஆங்கிலச் சிறிய எழுத்துப் பெயர், திரையில் காட்டும் தமிழ்ப் பெயர் பிளகினுக்குள் ஒரு சரமாக. பயனர் பார்ப்பது தமிழ்தான், இயக்குதளம் தேடுவது மட்டும் மாறாத ஒரு பெயர்.

சிறிய எழுத்து என்று வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். மேக்கில் எழுதிச் சோதித்து எல்லாம் சரியாக ஓடியது, பள்ளிக்கூட லினக்ஸில் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பெயர் பொதுவாக இருப்பதும் ஆபத்து. ‘ரீடர்’, ‘சிஎஸ்வி’, ‘யுடில்’ என்றெல்லாம் வைக்கவே கூடாது. விண்டோஸில் பாதை இல்லாமல் வெறும் பெயரைச் சொல்லி ஒரு டிஎல்எல்லைக் கேட்டால், அதே பெயரில் ஏற்கெனவே ஏறியிருப்பது எதுவோ அதையே தந்துவிடும். உங்கள் ‘யுடில்’ கேட்ட இடத்தில் வேறு யாருடைய ‘யுடிலோ’ வந்து நிற்கும். ஜிடால் செய்ததைப் போல மென்பொருளின் பெயரையே தொடக்கமாக வைத்துவிட்டால் இந்தக் கவலை பெருமளவு தீர்ந்தது.

பதிப்பு எண் வேண்டாம் என்றேன். பைத்தான் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது, அதற்கு அங்கே நியாயமும் இருக்கிறது. பைத்தான் 3.2 முதல், லினக்ஸில் நீட்டிப்புக் கோப்பின் பெயருக்குள்ளேயே பைத்தான் பதிப்பு வருகிறது, பின்னர் கணினி வகையும் சேர்ந்தது: ‘பைமானி.சிபைத்தான்-312-எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு.எஸ்ஓ’. பல பைத்தான் பதிப்புகள் ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ள நேர்வதால் அது தேவைப்பட்டது. நீலமழைக்கு அந்தத் தேவை கிடையாது. ஒரு நடு நிரல், அதற்கென்று ஒரு ஃபோல்டர். பிளகின் எந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்பதை உள்ளே ஒரு எண்ணாக வைத்து, ஏற்றியவுடன் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பைத்தான் தொட்ட இன்னொரு விஷயத்தைத் தள்ளிவிட முடியாது. ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஆர்ம் சில்லு, பள்ளிக்கூடக் கணினியில் இருப்பது இன்டெல் வகை, இரண்டிலும் லினக்ஸ், இரண்டிலும் ‘.எஸ்ஓ’. சில எஸ்டேட் ஆபீஸ்களில் இன்னும் 32 பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கலாம். 2020க்குப் பின் வந்த மேக்குகளில் ஆப்பிளின் சொந்தச் சில்லு. இதையெல்லாம் பெயருக்குள் திணித்தால் போனில் வாசிக்க முடியாத நீளத்துக்குப் போய்விடும். இசைத்துறையின் விஎஸ்டி3 வடிவம் இதற்கு அழகான வழி காட்டுகிறது. பிளகின் என்பது ஒரு ஃபோல்டர். அதற்குள் கணினி வகைக்கு ஒரு உள்ஃபோல்டர், அதில் அந்தந்த வகைக்கான கோப்பு. மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவில் கொடுத்துவிட்டால், எந்தக் கணினியில் போட்டாலும் அதற்குரியதை அது எடுத்துக்கொள்ளும். எந்தக் கணினியில் போடப் போகிறார்கள் என்று அனுப்புகிறவருக்கே தெரியாத இடத்தில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

ஆக, நீலமழைக்கு நான் வைக்கும் பெயர் ‘நீலமழை_பைமானி’. ‘லிப்’ கிடையாது. சிமேக்கில் மாட்யூல் என்று அறிவித்து, முன்னொட்டை வெற்றாக விட வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதிவிடுவேன், அப்போது மிங்ஜிடபிள்யூவும் சிக்வினும்கூட எதையும் ஒட்டாது. விண்டோஸில் ‘.டிஎல்எல்’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘.எஸ்ஓ’. மேக்கில் டைலிப் ஏன் இல்லை என்றால், பைத்தானும் லுவாவும் அங்கே ஏற்றுகிற கோப்புகளுக்கு எஸ்ஓ என்றே வைக்கின்றன. பார்த்தவுடன் இது இணைக்கும் லைப்ரரி இல்லை, ஏற்றும் பிளகின் என்றும் தெரிந்துவிடும். தொடக்கச் செயற்கூற்றின் பெயரும் ‘நீலமழை_பைமானி’ என்றே தொடங்கும். பிழை வந்தால் ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் தேடியது என்று முழுப் பாதையையும் நடு நிரல் எழுத வேண்டும். போனில் இருப்பவர் அந்த ஒரு வரியை வாசித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏற்கெனவே பழைய பெயரில் பிளகின்கள் வெளியே போயிருந்தால்தான் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும். ஒரே நாளில் பெயரை மாற்றிவிட்டால் கையிலிருக்கும் கோப்புகளெல்லாம் செத்துப்போகும். அதனால் அடுத்த ஒரு பதிப்புக்கு நடு நிரல் புதிய பெயரை முதலில் தேடி, இல்லாவிட்டால் மட்டும் பழைய பெயரை ஏற்று, ‘இது பழைய பெயர், மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லலாம். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் பழையதை ஏற்றவே கூடாது. ஏற்றினால் ஒரே மானி இரண்டு முறை பதிவாகி, மழைக் கணக்கு இரட்டிப்பாகும் வாய்ப்பு இருக்கிறது. லினக்ஸில் பழைய பெயரிலிருந்து புதியதற்கு ஒரு இணைப்பு போட்டு வைப்பார்கள். விண்டோஸில் அப்படி இணைப்பு உருவாக்கச் சாதாரணப் பயனருக்கு வழக்கமாக அனுமதி இருக்காது, அதை நம்பித் திட்டமிட வேண்டாம். நிறுவும் நிரலே பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கட்டும். பென் டிரைவில் வாங்கிக் கையால் போட்டுக்கொள்பவர்களுக்கு, எந்தக் கோப்பை நீக்க வேண்டும் என்று அதன் முழுப் பெயரோடு ஒரு சின்ன உரைக்கோப்பைத் தமிழில் எழுதி அதே ஃபோல்டரில் வைத்து அனுப்பலாம்.